பழைய இலவச லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்ட கதை

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. "என்ன ஆளையே காணோம்"னு நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. ராகி அறுப்பு, அதுக்கு முன்னால ராத்திரி யானைக் காவல், இது ரெண்டுக்கும் நடுவுல வீட்டுல ஒரு லேப்டாப் பஞ்சாயத்து. விவசாயம் எழுதுற எடத்துல கம்ப்யூட்டர் கதை எதுக்குன்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ல பாதி வீட்டு பரண் மேல இந்த லேப்டாப் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்குது. உங்க வீட்டுலயும் இருக்கலாம். எடுத்து ஏதாவது செய்யறதுக்கு முன்னால இதைப் படிச்சிடுங்க.

எங்க வீட்டு லேப்டாப் தங்கச்சியோடது. 2011-ல ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இலவச மடிக்கணினின்னு அறிவிச்சு, அந்த வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி அண்ணா பிறந்தநாள் அன்னைக்குத் தொடங்கி வச்சாங்க இல்லையா, அந்த முதல் வருஷத்துலயே பிளஸ் டூ படிச்சவ அவ. கையில் வாங்கினது 2012-ல. அம்மா படம் போட்ட பையோட பஸ்ல இருந்து இறங்கி வந்தப்ப தெருவே கூடி நின்னு பார்த்துச்சு. எங்க அப்பா அதை சாமி ரூம்ல வச்சு சூடம் காட்டிட்டுதான் திறக்க விட்டார். நாட்றாம்பாளையத்துல அப்ப கம்ப்யூட்டர்னா அது ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் இருக்கற பொருள். வீட்டுக்குள்ள வந்தது அதுதான் முதல்.

2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டுடிஸ்க். உள்ள ரெண்டு சிஸ்டம் இருந்துச்சு. ஆன் பண்ணினா கருப்பு ஸ்க்ரீன்ல ரெண்டு பேர் வரும், ஒண்ணு விண்டோஸ் 7, இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்ங்கறது மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது, இந்திய மொழிகளுக்குன்னே செஞ்ச லினக்ஸ். எல்காட் மூலமா குடுத்த லேப்டாப்ல எல்லாம் அதையும் சேர்த்தே குடுத்தாங்க. குடுத்தாங்களே தவிர, அது எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. பசங்க எல்லாம் விண்டோஸ்ல சினிமா பார்த்தாங்க. பாஸ் பக்கம் யாரும் போகல. எங்க வீட்டுலயும் அப்படித்தான்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நினைப்புலதான் வினையே வந்துச்சு. அதைப் பின்னால சொல்றேன்.

தங்கச்சி காலேஜ் முடிச்சு, கல்யாணமாகி ஓசூர்ல இருக்கறா. சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை. லேப்டாப் எங்ககிட்டயே தங்கிடுச்சு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. அந்தச் சமயத்துல டவுன்ல ஒரு கடையில குடுத்து விண்டோஸ் 10 போட்டு வாங்கினேன். அன்னையில இருந்து அது லேப்டாப் இல்ல, கல்லு. ஆன் பண்ணிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரலாம், பாலைக் கறந்துட்டும் வரலாம். அப்பவும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். 2 ஜிபி ராம்ல விண்டோஸ் 10 படுத்துக்கிட்டா மத்ததுக்கு எடம் எங்க இருக்கு? எடம் பத்தாம ஹார்டுடிஸ்க்ல எழுதி எழுதி எடுக்கும். பழைய சுத்துற டிஸ்க் அது, கரகரன்னு நெல்லு மிஷின் மாதிரி சத்தம் போடும்.

அதோட இன்னொரு தொல்லை. ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். தேதி தப்பா இருந்தா பட்டா சிட்டா எடுக்கற தளமும் திறக்காது, பேங்க் தளமும் திறக்காது. "இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை"ன்னு சிவப்பா வந்து நிக்கும். அந்தத் தளத்தோட சான்றிதழ் இந்த வருஷத்துக்கு உண்டானது, நம்ம கம்ப்யூட்டர் இன்னும் அந்தக் காலத்துலயே இருந்தா அது எப்படி ஒத்துக்கும்? அதே கடையில கேட்டேன். "மதர்போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்"னாங்க. எங்க ஊர்ல செல்போன் ரிப்பேர் பண்ற தம்பி ஒருத்தன் இருக்கான். அவன் பின்னால மூடியைக் கழட்டி, உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினான். வாட்ச்ல போடுற மாதிரி, 3 வோல்ட். லேப்டாப் அணைஞ்சிருக்கும்போது மணி ஓடறது அதுலதான். அது செத்துப் போயிருந்துச்சு. புதுசு போட்டதுக்கு மொத்தம் எண்பது ரூபாய் வாங்கினான். நாலாயிரத்துக்கும் எண்பதுக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

தேதி சரியாச்சு, வேகம் சரியாகல. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் அப்டேட் நின்னு போச்சு. விண்டோஸ் 11 இந்த மிஷின்ல ஏறாது, அதுக்கு வேணுங்கற சிப்பே இதுல இல்ல. பையன் பத்தாவது. அவனுக்கு டைப் பண்ணிப் பழகணும், எனக்கு இந்தப் பதிவு எழுதணும். போன்லயே எழுதி எழுதி கட்டைவிரல் நோவுது. புதுசு வாங்கலாம்னா முப்பதாயிரம் சொல்றாங்க. ராகிக்கு 2025-26-ல அரசாங்கம் வச்ச விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆறு குவிண்டாலுக்கு மேல போட்டாத்தான் ஒரு லேப்டாப். யானைக்குப் போக, மழைக்குப் போக, நமக்கு மிஞ்சறதுல ஆறு குவிண்டால்னா சும்மாவா? 2025 பட்ஜெட்டுல 20 லட்சம் காலேஜ் பிள்ளைங்களுக்குக் குடுக்கறதா சொன்னாங்க. என் பையன் காலேஜ் போக இன்னும் மூணு வருஷம் இருக்கு.

அப்பத்தான் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை சொன்னார், "மச்சான், லினக்ஸ் போட்டுப் பாருங்க, பழைய மிஷின்ல ஓடும்"னு. ஓசூர் போயிருந்தப்ப அவங்க வீட்டு வைஃபையில மூணு லினக்ஸை இறக்கிக் குடுத்தார். எங்க ஊர் டவர்ல மூணு ஜிபி இறக்கணும்னா ஒரு போகம் ஆகிடும். ரெண்டு பென்டிரைவ்ல மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தோம். லினக்ஸ்ல ஒரு வசதி, உள்ள இருக்கறதைத் தொடாமலே பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். மாடு வாங்கறதுக்கு முன்னால ஏர்ல கட்டி நடக்க விட்டுப் பார்க்கற மாதிரி.

முதல்ல லினக்ஸ் மின்ட். பார்க்க அழகா, விண்டோஸ் மாதிரியே இருக்கு. ஆனா அவங்களே சொல்றாங்க, குறைஞ்சது 2 ஜிபி, வசதியா ஓட 4 ஜிபின்னு. எங்களுது அந்தக் குறைஞ்சதுலதான் நிக்குது. பிரவுசர்ல ரெண்டு பக்கம் திறந்ததும் அம்பு நகரல. அடுத்தது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவுல பேரி காலர்னு ஒருத்தர் 2003-ல ஆரம்பிச்சது. மத்த லினக்ஸ் எல்லாம் வர வரப் பெருத்துக்கிட்டே போகுதேன்னு கடுப்பாகி செஞ்சாராம். முழுசும் ராம்லயே ஏறி உக்காந்துக்கும், பறக்குது. நாய்க்குட்டிப் படம் போட்டிருந்ததுல பையனுக்கு ஒரே குஷி. ஆனா அதுல தமிழ் எழுத்து வைக்க எனக்குக் கைவரல. தமிழ் இல்லாம எனக்கு எதுக்கு? மூணாவதா டெபியன். 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ஆம் பதிப்பு, எல்எக்ஸ்க்யூடிங்கற எளிமையான முகப்போட. அலங்காரம் ஒண்ணும் இல்ல, கீழ ஒரு பட்டை, மூலையில ஒரு மெனு. ஆன் ஆகி நின்னப்ப ராம்ல பாதி கூட எடுத்துக்கல. இதுதான்னு முடிவு பண்ணினேன்.

டெபியன்ங்கற பேர் எப்படி வந்துச்சுன்னு படிச்சேன். 1993-ல இயன் முர்டாக்னு அமெரிக்காவுல ஒரு காலேஜ் பையன் இதை ஆரம்பிச்சப்ப, காதலி டெப்ரா பேரையும் தன் பேரையும் சேர்த்து வச்சிருக்கான். நம்ம ஊர்ல டிராக்டருக்கும் டீக்கடைக்கும் பேர் வைக்கற மாதிரிதான். இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கிட்டேன். அரசாங்கம் குடுத்த பாஸ் லினக்ஸும் இந்த டெபியனை அடிப்படையா வச்சு செஞ்சதுதான். அதாவது 2012-ல லேப்டாப்போட வந்ததைத்தான் நான் பதிமூணு வருஷம் கழிச்சு ஓசூர் போய் பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்திருக்கேன்.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் கரண்ட் நிக்காதுங்கற தைரியத்துல உக்காந்தேன். லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாச்சு, வயர்ல இருந்தா உயிர், பிடுங்கினா போச்சு. முதல்ல விண்டோஸ்ல போய் டெஸ்க்டாப்ல இருந்தது, டி டிரைவ்ல இருந்தது, பட்டா, ஆதார் ஸ்கேன், யானை மிதிச்ச வயலோட போட்டோக்கள், எல்லாத்தையும் இன்னொரு பென்டிரைவுக்கு மாத்தினேன். ரெண்டு தடவை சரி பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணையும் விடல.

அப்புறம் நிறுவறதை ஆரம்பிச்சேன். ஊர் கேக்குது, கீபோர்டு கேக்குது, அடுத்து டிஸ்க்கை என்ன செய்யறதுன்னு கேக்குது. அந்த எடத்துல டிஸ்க்கை ஒரு பட்டையா வரைஞ்சு, கலர் கலரா பிரிச்சுக் காட்டுச்சு. சி, டி, முன்னால ஒரு சின்னத் துண்டு, கடைசியில இன்னொரு துண்டு. அந்தக் கடைசித் துண்டு என்னன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். கம்பெனி வச்ச ரெகவரி ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன். "டிஸ்க்கை அழி"ங்கறதைத் தேர்ந்தெடுத்து அடுத்ததை அமுக்கினேன். "நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு. நிச்சயம்னேன்.

முக்கால் மணி நேரத்துல முடிஞ்சது. திரும்ப ஆன் பண்ணினேன், ஒரு நிமிஷம் சொச்சத்துல வந்து நின்னுச்சு. எனக்கு நம்பவே முடியல. அணைச்சு அணைச்சு மூணு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன். பையன், "ப்பா, கெட்டுடப் போகுது, விடு"ங்கறான். வைஃபை தானாவே எடுத்துக்கிச்சு. தமிழ்99 போட்டேன். 1999-ல சென்னையில தமிழ் இணைய மாநாடு நடத்தி அரசாங்கம் முடிவு பண்ணின விசைப்பலகை அது, உயிரெழுத்து எல்லாம் இடது கைப்பக்கம், மெய் வலது பக்கம். பழக ஒரு வாரம் கஷ்டம், அப்புறம் அதை விட்டுப் போக மனசு வராது. அன்னைக்கு ராத்திரி பரண் மேல உக்காந்திருந்தப்பக்கூட அதே நினைப்புதான், முப்பதாயிரம் மிச்சம்னு. பக்கத்து வயக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன்.

நாலு நாள் கழிச்சு கார்த்திகை தீபத்துக்குத் தங்கச்சி குழந்தையோட வந்தா. நான் முதல் வேலையா லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். "பாரு, உன் லேப்டாப் எப்படி ஓடுது." அவளும் சந்தோஷமாத்தான் பார்த்தா. கொஞ்ச நேரம் அங்க இங்க அமுக்கிட்டு, "பாஸ் எங்கண்ணா?"ன்னு கேட்டா.

"என்ன பாஸ்?"

"பாஸ் லினக்ஸ்ண்ணா. அதுலதான அப்பா வீடியோ இருக்கு."

எனக்கு வயித்துல என்னமோ செஞ்சது.

அவ சொல்லித்தான் தெரிஞ்சுது. காலேஜ்ல படிக்கும்போது பென்டிரைவ்ல வைரஸ் வந்து போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடும், ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு தடவை அவ ப்ராஜெக்ட் போச்சு. கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி, "பாஸ்ல வச்சுக்கோ, அதுக்கு இந்த வைரஸ் வராது"ன்னு சொல்லியிருக்கா. அன்னையில இருந்து முக்கியமானதை எல்லாம் அவ பாஸ் பக்கம்தான் வச்சிருக்கா. 2013-ல அவ போன்ல அப்பாவை எடுத்த போட்டோ, வீடியோ எல்லாமே அங்கதான். அப்புறம் அந்தக் கடைக்காரர் விண்டோஸ் 10 போட்டப்ப, ஆன் பண்ணினதும் வர்ற அந்த ரெண்டு பேர் பட்டியல் போயிடுச்சு. பாஸ் போகல, அதுக்குப் போற வழிதான் போச்சு. லினக்ஸ் பிரிவை விண்டோஸ் தன் டிரைவ் பட்டியல்ல காட்டாது. அதனால ஆறு வருஷமா அந்தக் கடைசித் துண்டு உள்ளேயே பத்திரமா இருந்திருக்கு, எங்க யார் கண்ணுக்கும் படாம. அது ரெகவரி இல்ல. அதுதான் நான் "நிச்சயம்"னு சொன்னது.

அப்பா 2016-ல போயிட்டார். அவர் குரல்னு எங்ககிட்ட வேற எதுவும் இல்ல. தங்கச்சி என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவ ஒண்ணும் சொல்லல, விளக்கு வைக்கப் போயிட்டா. அம்மாதான், "விடு, தெரியாமதான செஞ்சான்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். அவர் முதல்ல சொன்ன வார்த்தை, "மச்சான், உடனே லேப்டாப்பை ஆப் பண்ணுங்க. இனி அதுல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க." ஏன்னு அவர் விளக்கினதை நம்ம பாஷையில சொல்றேன். டிஸ்க்கை அழிக்கறதுன்னா நிலத்தை அழிக்கறது இல்ல, பதிவேட்டைக் கிழிக்கறது. எந்த சர்வே நம்பர் யாருதுன்னு எழுதின புத்தகம்தான் போச்சு. நிலமும் அதுல நிக்கற பயிரும் அப்படியேதான் இருக்கும், புதுசா ஒருத்தன் வந்து அதே எடத்துல உழுது விதைக்கற வரைக்கும். டெபியன் போட்டது கொஞ்சம் எடத்தை உழுதுடுச்சு. நாலு நாள் நாங்க பயன்படுத்தினது இன்னும் கொஞ்சம். மீதியில தேடலாம்.

மறுநாள் மாப்பிள்ளை அவரோட 500 ஜிபி வெளி ஹார்டுடிஸ்க்கைக் கம்பெனி வேலையா அஞ்செட்டி வர்ற ஒருத்தர்கிட்டக் குடுத்து விட்டார். பென்டிரைவ்ல இருந்தே டெபியனை ஓட்டி, போன்ல இருந்து யூஎஸ்பி வயர் மூலமா நெட் குடுத்து, டெஸ்ட்டிஸ்க்னு ஒரு மென்பொருளைப் போட்டேன். கிறிஸ்டோஃப் கிரெனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினது, காசு கிடையாது. அது பழைய பிரிவு இருந்த எடத்தைச் சரியாக் காட்டுச்சு, ஆனா உள்ள என்ன இருக்குன்னு பட்டியல் கேட்டா வரல. பதிவேடு அந்தளவுக்குக் கிழிஞ்சிருக்கு. அதே பொட்டலத்துலயே ஃபோட்டோரெக்னு இன்னொண்ணு இருக்கு. அது பதிவேட்டைப் பார்க்கவே பார்க்காது. டிஸ்க்கோட ஒரு கோடியில இருந்து மறுகோடி வரைக்கும் நடந்து போகும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஆரம்பத்துல ஒரு அடையாளம் உண்டு. ஜேபெக் படம்னா ஒரு மாதிரி, வீடியோன்னா ஒரு மாதிரி. அந்த அடையாளம் தட்டுப்பட்டா அங்க இருந்து அள்ளி வெளி டிஸ்க்ல போடும். பேர் இருக்காது, தேதி இருக்காது, எந்த போல்டர்னு தெரியாது. கடலைக்காய் பிடுங்கின கொல்லையில மறுபடி மண்வெட்டி போட்டு விட்டுப் போனதைப் பொறுக்குவாங்களே, அதேதான்.

ஒரு விஷயம் மாப்பிள்ளை அழுத்திச் சொன்னார். மீட்டதை அதே டிஸ்க்ல எழுதக் கூடாது, வெளி டிஸ்க்லதான் எழுதணும். அதோட, வெளி டிஸ்க்குக்குள்ள போய் அங்க இருந்து கட்டளையைக் குடுங்கன்னார். எதுக்குன்னு அப்ப புரியல. சொன்னபடி செஞ்சேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட விட்டுட்டு காவலுக்குப் போயிட்டேன். ராகி கதிர் முத்தி நின்ன நேரம், ஒரு ராத்திரிகூட விட முடியாது. அன்னைக்கு மூணு யானை. எங்க வயல்ல இறங்கல, ஓடைக்கு அந்தப் பக்கம் அவரைக்கொல்லையில நின்னுச்சு. தகரம் தட்டி, பட்டாசு வச்சு, கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒண்ணரை மணி இருக்கும், ஊர்ப்பக்கம் விளக்கெல்லாம் ஒரே நேரத்துல அணைஞ்சுது. யானையைப் பார்க்கறதா, லேப்டாப்பை நினைக்கறதா? பேட்டரி இல்லாத லேப்டாப். போச்சுன்னு உக்காந்துட்டேன்.

விடிஞ்சு வீட்டுக்கு வந்தா லேப்டாப் இருட்டாத்தான் இருந்துச்சு. கரண்ட் வந்ததும் திரும்ப ஆன் பண்ணி, வெளி டிஸ்க்குக்குள்ள போய் அதே கட்டளையைக் குடுத்தேன். "முன்னால விட்ட எடத்துல இருந்து தொடரலாமா?"ன்னு கேட்டுச்சு! எது வரைக்கும் நடந்தோம்னு அது ஒரு சின்னக் குறிப்பை எழுதி வச்சுக்கிட்டே போகுமாம். அந்தக் குறிப்பு வெளி டிஸ்க்ல இருந்ததாலதான் பிழைச்சுது. பென்டிரைவ்ல ஓடுற சிஸ்டத்துலயே விட்டிருந்தா கரண்ட்டோட அதுவும் போயிருக்கும். மாப்பிள்ளைக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டு தொடரச் சொன்னேன்.

மத்தியானம் முடிஞ்சப்ப பதினாலாயிரத்துக்கு மேல படம். ஐநூறு ஐநூறா போல்டர் போட்டு அடுக்கி வச்சிருந்துச்சு. திறந்து பார்த்தா நயன்தாரா, விஜய், சோப்பு விளம்பரம், பேப்பர்ல வந்த படம், ரெயில்வே டிக்கெட் பக்கத்துல இருக்கற சின்னச் சின்னப் பொம்மை. இத்தனை வருஷமா நாங்க இணையத்துல எங்கெல்லாம் போனோமோ அது அத்தனையும். பையன்தான் யோசனை சொன்னான், அளவு வாரியா அடுக்கி சின்னதை எல்லாம் ஒதுக்கிடலாம்னு. ரெண்டு சாயங்காலம் நானும் அவனும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பார்த்தோம்.

முதல்ல வந்தது எங்க பழைய காளை ரெண்டும். அடுத்து, தங்கச்சி காலேஜ் பிள்ளைங்களோட ஒகேனக்கல்ல. அப்புறம் அப்பா. களத்துல ராகித்தாள் மேல ரோலர் ஓட்டும்போது தலையில துண்டோட, கேமராவைப் பார்க்காம. கீழ்ப்பாதி பச்சையாக் கலைஞ்சிருந்துச்சு, மேல முகம் தெளிவா இருந்துச்சு. பையன் தாத்தாவை அவ்வளவு தெளிவா பார்த்ததில்ல, அவன் அப்ப சின்னப் பிள்ளை. மொத்தம் நாப்பத்தொரு போட்டோ கிடைச்சது. எத்தனை இருந்துச்சுன்னு தங்கச்சிக்கே கணக்குத் தெரியல.

வீடியோ ஒன்பது வந்துச்சு. அதுல ஆறு திறக்கவே இல்ல. பெரிய கோப்பு ஒரே எடத்துல இருக்காது, துண்டு துண்டா அங்கங்க கிடக்கும். பதிவேடு இல்லாம அதைச் சேர்க்க முடியாது. திறந்த மூணுல ரெண்டு காலேஜ் ஆண்டுவிழா. மூணாவது நாங்க தேடினது. தங்கச்சி ஞாபகத்துல அது ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல. வந்தது முப்பத்தெட்டு நொடி. இன்னொரு வீடியோ இருந்துச்சாம், அப்பா களத்துல உக்காந்து கதை சொல்றது. அது வரவே இல்ல. ஃபோட்டோரெக்கை இன்னொரு தடவை முழுசா ஓட்டிப் பார்த்தேன், அப்பவும் இல்ல. நான் நாலு நாள் சந்தோஷமா தட்டிக்கிட்டு இருந்தேனே, அது எந்த எடத்தை உழுதுச்சோ.

அதனால நண்பர்களே, பரண்ல இருந்து அந்த லேப்டாப்பை எடுத்தீங்கன்னா, எதையும் அழிக்கறதுக்கு முன்னால பென்டிரைவ்ல இருந்து லினக்ஸை ஓட்டி, அதுல கோப்பு பார்க்கற செயலியைத் திறங்க. விண்டோஸ் காட்டாத பிரிவையும் அது இடது பக்கம் காட்டும். ஒவ்வொண்ணாத் திறந்து உள்ள போய்ப் பாருங்க. அதுல 'ஹோம்'னு ஒரு போல்டர் இருந்தா யாரோ குடியிருந்திருக்காங்கன்னு அர்த்தம். வீட்டுல யாருது அந்த லேப்டாப்போ அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் ஓசூருக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ராம் போட வசதி இருந்தா போடுங்க, நான் அறுநூறு ரூபாய்க்குப் பழைய 4 ஜிபி ஒண்ணு வாங்கிப் போட்டேன், இப்ப பையன் பாடம் பார்க்கற வீடியோவும் தடங்கல் இல்லாம ஓடுது. தமிழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னா கணியம்னு ஒரு இணைய இதழ் இருக்கு, கட்டற்ற மென்பொருள் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. எனக்கு அது ரொம்ப உதவுச்சு.

அந்த வீடியோவைப் பத்தி சொல்லிடறேன். பொங்கலுக்குத் தங்கச்சி வந்தப்ப எல்லாருமா உக்காந்து பார்த்தோம். பார்த்தோம்னு சொல்றது தப்பு, கேட்டோம். படம் முழுக்க இருட்டு, டார்ச் வெளிச்சம் மட்டும் ஒரு கோடு மாதிரி அசையுது. மார்கழி மாசம், பரண் மேல இருந்து தங்கச்சி எடுத்தது. கீழ எங்கயோ யானை. அப்பா பேசறார், கத்தல, பெரிய மனுஷனைப் பார்த்துப் பேசற மாதிரி. "சாமி, வந்த வழியே போ சாமி, பிள்ளைங்க சோறு சாமி இது." கொஞ்சம் நிறுத்திட்டு, "ஹோகு சாமி, ஹோகு." கர்நாடகா காட்டுல இருந்து வர்ற யானைக்குக் கன்னடத்துல சொன்னாத்தான் புரியும்னு அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. பின்னால தங்கச்சி சிரிப்பை அடக்கற சத்தம். அப்பா திரும்பி, "சிரிக்காத பாப்பா, கேட்டுக்கிட்டு இருக்குது பாரு, இப்ப போயிடும்"ங்கறார். அதோட நின்னு போகுது.

தங்கச்சி குழந்தை, "அப்புறம் யானை போயிடுச்சா?"ன்னு கேட்டுச்சு.

"எங்க போச்சு," அம்மா சொல்லுச்சு. "உங்க தாத்தன் பேச்சைக் கேட்டு இன்னும் ரெண்டு கூட வந்துச்சு. அந்த வருஷம் நம்ம ராகி ஒண்ணுகூட வீடு சேரல."